யூதர்களும் சுற்றுச்சூழலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூதர்கள் என்றதும் நம் செய்திகளில் வருவது பெரும்பாலும் போரும் அரசியலும்தான். அவர்களிடையே சில பத்தாண்டுகளாக வளர்ந்துவரும் சுற்றுச்சூழல் இயக்கத்தைப் பற்றித் தமிழில் பேச்சே குறைவு. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பழைய மதச்சட்டம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சமூகம் ஊர்கூடி வேலை செய்வதை இங்கே பார்க்கலாம். அதே சட்டம் நிலம், அரசு, அதிகாரம் என்று வரும்போது எப்படிச் சோதனைக்கு உள்ளாகிறது என்பதையும் பார்க்கலாம்.

"யூத சுற்றுச்சூழல் இயக்கம்" என்று தனியாக ஒன்று உண்டா?

உண்டு. ஆனால் ஒரே தலைமை, ஒரே கொடி என்று கிடையாது. அமெரிக்காவில் 1988-இல் எலன் பெர்ன்ஸ்டீன் தொடங்கிய ஷோம்ரே அதமா அங்கே தேசிய அளவில் உருவான முதல் யூத சுற்றுச்சூழல் அமைப்பு. 1993-இல் பல யூத அமைப்புகள் சேர்ந்து சுற்றுச்சூழலுக்கென ஒரு கூட்டமைப்பை அமைத்தன. 2000-இல் ஹஸோன் என்ற அமைப்பு வந்தது. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடத்திய சைக்கிள் பயணத்தோடு அது தொடங்கியது. பிறகு பண்ணை, உணவு, கல்வி என்று விரிந்து, 2023-இல் பேர்ல்ஸ்டோன் என்ற இன்னொரு அமைப்போடு இணைந்து, இப்போது 'அதமா' என்ற பெயரில் இயங்குகிறது. காலநிலை அரசியலில் நேரடியாக இறங்குவதற்காக ரபி (யூத மதகுரு) ஜென்னி ரோசன் 2020-இல் 'தயேனு' அமைப்பைத் தொடங்கினார். பிரிட்டனில் 2018 முதல் 'எக்கோ சினகாக்' என்ற திட்டம் ஜெப ஆலயங்களோடு வேலை செய்கிறது.

இஸ்ரேலின் கதை தனி. அது 1953-இல், மதத்தோடு சம்பந்தமில்லாமல், ஒரு சதுப்பு நிலத்துக்காகத் தொடங்கியது. கீழே வருகிறேன்.

இதற்கு வேதத்தில் என்ன அடிப்படை?

எல்லோரும் முதலில் காட்டும் இடம் உபாகமம் 20-ஆம் அதிகாரம். ஒரு நகரத்தை முற்றுகையிட்டு நெடுநாள் போர் செய்தாலும், அங்குள்ள பழ மரங்களைக் கோடரியால் வெட்டிவிடக் கூடாது என்கிறது அது. கனி தரும் மரத்தை விட்டுவிடு. கனி தராததை வேண்டுமானால் முற்றுகைக்கு வெட்டிக்கொள். எதிரியின் மரம்தான், போரின் நடுவில்தான், அப்போதும் கூடாது என்கிறது.

ரபிகள் அந்த ஒரு வசனத்தோடு நிற்கவில்லை. போரிலேயே கூடாது என்றால் சாதாரண நாளில் எப்படிக் கூடும் என்று கேட்டார்கள். அதிலிருந்து 'பல் தஷ்கீத்' என்ற பொதுவான தடை வளர்ந்தது: பயனுள்ள எதையும் காரணமின்றி அழிக்காதே, வீணாக்காதே. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் சட்டத்தைத் தொகுத்தபோது, பாத்திரங்களை உடைப்பது, துணியைக் கிழிப்பது, கட்டடத்தை இடிப்பது, ஊற்றை அடைப்பது, உணவைப் பாழாக்குவது எல்லாவற்றையும் இதன்கீழ் வைத்தார். ரபிகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் இன்னும் நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. எண்ணெய் விளக்கைத் தேவையில்லாமல் மூடி வைத்தாலோ, நாஃப்தா (எளிதில் ஆவியாகும் கல்லெண்ணெய்) விளக்கைத் திறந்து வைத்தாலோ எரிபொருள் வேகமாகத் தீரும். அப்படிச் செய்பவர் இந்தத் தடையை மீறுகிறார் என்கிறார் ஒரு ரபி. எரிபொருள் சிக்கனத்தைப் பற்றி இத்தனை பழைய சட்டக்கருத்து இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: இது முழுத் தடை கிடையாது. பேரீச்சை மரம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு படி காய்த்தால்கூட வெட்டக் கூடாது என்று தல்மூது அளவு வைக்கிறது. ஆனால் மரத்தின் பலனைவிடக் கட்டைக்கு மதிப்பு அதிகம் என்றால் வெட்டலாம் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. 'பயன்' என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி அன்றே திறந்துகொண்டது. இன்றைய செயல்பாட்டாளர்களின் வாதமெல்லாம் இங்கேதான்: நிலக்கரியின் லாபத்தைக் கணக்கில் எடுப்பவர்கள், அது கெடுக்கும் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

தனிமனிதர் வீணாக்காமல் இருப்பது மட்டும்தானா? ஊருக்கான விதிகள் உண்டா?

உண்டு, அதுவும் முழக் கணக்கில். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற ரபிகளின் சட்டத் தொகுப்பில், தோல் பதனிடும் இடம், கல்லறை, செத்த விலங்குகளைப் போடும் இடம் மூன்றும் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி இருக்க வேண்டும். தோல் பதனிடும் இடத்துக்கு இன்னொரு நிபந்தனை: ஊருக்குக் கிழக்கே மட்டும்தான் அமைக்கலாம். அந்த நாட்டில் காற்று பெரும்பாலும் கடல் பக்கமிருந்து, மேற்கிலிருந்து வீசும்; கிழக்கே வைத்தால் நாற்றம் ஊருக்குள் வராது. களத்தில் தூற்றும் பதர் பறந்து அடுத்தவரைப் பாதிக்கக் கூடாது என்பதற்கும் தூரம் உண்டு. தோல் ஆலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டை அறிந்த நமக்கு இந்த விதியை யாரும் விளக்கத் தேவையில்லை.

எண்ணாகமம் 35-இல் லேவியர் (ஆலயப் பணிக்குரிய குலத்தார்) நகரங்களைச் சுற்றித் திறந்த வெளி விட வேண்டும் என்ற கட்டளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரமைப்பைப் பற்றிப் பேசும் யூத அமைப்புகள் இந்த இடங்களைத்தான் அடிக்கடி எடுக்கின்றன.

தூ பிஷ்வாத் என்பது என்ன? அன்று என்ன செய்வார்கள்?

யூத நாட்காட்டியில் ஷெவாத் மாதம் 15-ஆம் நாள், நம் கணக்கில் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வரும். மரங்களின் புத்தாண்டு. முதலில் இது வெறும் வரிக் கணக்குத் தேதிதான்: எந்தக் காய்ப்பு எந்த ஆண்டின் தசமபாகத்தில் சேரும் என்பதைப் பிரிக்கும் நாள். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், வட இஸ்ரேலின் ஸஃபேத் நகரத்துக் கபாலா என்ற யூத மறைஞான மரபிலிருந்து, இதற்கென்று ஒரு பழ விருந்து உருவானது.

அந்த விருந்து அழகானது. முதலில் வெளியே தோடும் உள்ளே பருப்பும் உள்ளவை: வாதுமை, அக்ரூட், மாதுளை. அப்புறம் வெளியே சதையும் உள்ளே கொட்டையும் உள்ளவை: பேரீச்சை, ஒலிவம். கடைசியாக முழுதும் தின்னக்கூடியவை: அத்தி, திராட்சை. கூடவே நான்கு கோப்பைத் திராட்சை ரசம். முதல் கோப்பை வெள்ளை, இரண்டாவதில் கொஞ்சம் சிவப்பு கலந்து, மூன்றாவதில் சிவப்பு மிகுந்து, நான்காவது முழுச் சிவப்பு. குளிர்காலம் கழிந்து வசந்தம் வருவதை மேசையிலேயே காட்டிவிடுவார்கள். இடையிடையே மரங்களைப் பற்றிய வாசகங்களைப் படிப்பார்கள். கரோப் மரம் நடும் கிழவரின் கதை கட்டாயம் வரும். காய்க்க 70 வருடம் ஆகுமே, அதுவரை இருப்பாயா என்று, தல்மூதுக் கதைகளில் வரும் ஹோனி என்ற ஞானி கேட்க, 'எனக்கு என் முன்னோர் நட்டு வைத்தார்கள், என் பிள்ளைகளுக்கு நான் நடுகிறேன்' என்பார் அவர்.

இந்த நாளைப் போராட்ட நாளாகவும் ஆக்கியிருக்கிறார்கள். வட கலிபோர்னியாவில் ஹெட்வாட்டர்ஸ் என்ற பழமையான ரெட்வுட் (வானுயர வளரும் ஊசியிலை மரம்) காடு பசிபிக் லம்பர் என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. அதன் தாய் நிறுவனம் டெக்சாஸில் இருந்த மேக்சாம். 1997 ஜனவரியில் தூ பிஷ்வாத்தை ஒட்டி யூதர்கள் அங்கே கூடினார்கள். விருந்து நடத்தி, பிரார்த்தனை செய்து, நிறுவனத்தின் நிலத்துக்குள் தடையை மீறிப் போய்ச் ரெட்வுட் கன்றுகளை நட்டார்கள். மேக்சாமின் தலைவரும் யூதர். அதனால் ரபிகள் அவரோடு பேசும்போது சட்டப் பிரிவுகளைவிட யூத வேதமான தோராவைத்தான் முன்வைத்தார்கள். 1999-இல் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து சுமார் 7,500 ஏக்கர் காட்டை விலைக்கு வாங்கிப் பாதுகாத்தன. அந்தப் போராட்டத்தின் பெரும் பாரத்தைச் சுமந்தவர்கள் உள்ளூர் வன ஆர்வலர்கள்தான். யூதர்கள் கொடுத்தது வேறு ஒரு அழுத்தம்: சொந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைச் சொந்த மரபின் பெயரால் கேள்வி கேட்பது. அது எளிதில்லை, அதனால்தான் அதை மதிக்கிறேன்.

ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு கொடுப்பது இன்றும் நடக்கிறதா?

நடக்கிறது. ஷ்மிதா என்று பெயர். யாத்திராகமம் 23, லேவியராகமம் 25 இரண்டிலும் கட்டளை இருக்கிறது: ஆறு ஆண்டு விதை, ஏழாம் ஆண்டு விடு. விதைப்பு, கத்தரிப்பு கிடையாது. தானாக விளைவது எவருக்கும் சொந்தமில்லை; ஏழைகள் எடுக்கலாம், மிச்சத்தைக் காட்டு விலங்குகள் தின்னலாம். உபாகமம் 15-இன்படி அந்த ஆண்டு முடிவில் கடன்களும் விடுதலையாகும். நிலத்துக்கும் கடனாளிக்கும் சேர்த்து ஒரே ஆண்டில் ஓய்வு!

கடந்த ஷ்மிதா 2021-22இல் வந்தது. அடுத்தது 2028 செப்டம்பரில் தொடங்கும்.

நடைமுறையில் சிக்கல் நிறைய. இது இஸ்ரேல் நிலத்துக்கு மட்டும் பொருந்தும் சட்டம். அங்கே விவசாயி ஓர் ஆண்டு வருமானத்தை விட்டுவிட முடியுமா? அதனால் 1889-இலிருந்து ஒரு வழி வந்தது: நிலத்தை யூதரல்லாத ஒருவருக்கு அந்த ஓர் ஆண்டுக்கு முறைப்படி விற்று, வேலையைத் தொடர்வது. கறாரான ரபிகள் பலர் இதை ஏற்பதில்லை. இன்னொரு வழியில், மத நீதிமன்றம் விளைச்சலைப் பொறுப்பெடுத்துப் பங்கிடும். வாங்குபவர் பழத்துக்கு விலை கொடுப்பதில்லை, பறித்த கூலியும் ஏற்றிய செலவும்தான் கொடுக்கிறார். இந்த இரண்டாவது வழி எனக்குப் பிடித்திருக்கிறது; உணவு பொதுச்சொத்து என்ற எண்ணம் அதில் உயிரோடு இருக்கிறது.

அமெரிக்காவில் யாருக்கும் இது கட்டாயமில்லை. ஆனாலும் யூதப் பண்ணைகளும் கல்வி மையங்களும் ஷ்மிதாவைப் பாடமாக எடுத்துக்கொண்டன. ஏழாம் ஆண்டில் உழாமல் சாப்பிட வேண்டுமென்றால் முந்தைய ஆறு ஆண்டுகளில் பல்லாண்டுப் பயிர்களையும் பழ மரங்களையும் வைத்திருக்க வேண்டும், விளைந்ததைப் பதப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும், அக்கம்பக்கத்தோடு பகிரும் பழக்கம் இருக்க வேண்டும். ஓய்வு ஆண்டைவிட அதற்கான தயாரிப்பில்தான் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள்.

சாதாரண ஜெப ஆலய உறுப்பினர் ஒருவர் என்ன செய்கிறார்?

பெரும்பாலும் சமையலறையில் தொடங்குகிறார். சனிக்கிழமை காலை வழிபாடு முடிந்ததும் எல்லோருக்கும் சிற்றுண்டி உண்டு. நூறு பேர் வந்தால் நூறு பிளாஸ்டிக் தட்டு, இருநூறு கோப்பை. அதை நிறுத்தக் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரம் வாங்க வேண்டும். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரம். ஓய்வுநாளில் அடுத்த நாளுக்காகப் பாத்திரம் தேய்க்கக் கூடாது என்பதால், சனி இரவு யார் வந்து கழுவுவது என்று முறைப்பட்டியல் போட வேண்டும். சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ஒரு சபையில் சண்டை வருவதும் சினேகம் வளர்வதும் இந்தப் பட்டியலில்தான்.

அப்புறம் கட்டடம். விளக்குகள், வெப்பமூட்டி, கூரையில் சூரியத் தகடு. சன்னிதியில் அணையாமல் எரியும் விளக்கைச் சில சபைகள் சூரிய மின்சாரத்துக்கு மாற்றியிருக்கின்றன. சிகாகோவுக்கு அருகே எவன்ஸ்டனில் 2008-இல் திறந்த ஜெப ஆலயம், பசுமைக் கட்டடங்களுக்கான லீட் சான்றிதழில் மிக உயர்ந்த பிளாட்டினம் தரத்தைப் பெற்றது. பழைய மரங்களை மறுபடி எடுத்துப் பயன்படுத்திக் கட்டியது அது.

மூன்றாவது காய்கறி. 2004-இல் நியூயார்க்கில் ஹஸோன் ஒரு திட்டம் தொடங்கியது. சபைக் குடும்பங்கள் பருவத்துக்கு முன்பே ஒரு விவசாயிக்குப் பணம் கட்டிவிடும். வாராவாரம் விளைந்தது ஜெப ஆலயத்துக்கே வரும். மழை பொய்த்தாலும் நட்டத்தில் பங்கு. பிறகு வேறு நகரங்களுக்கும் பரவியது.

கடைசியாகப் பணம். எண்ணெய், நிலக்கரித் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் பெரிய வங்கிகள் முன்னால் தயேனு உறுப்பினர்கள் பஸ்கா பண்டிகையை ஒட்டி நின்று பாடுகிறார்கள். தங்கள் யூத நிறுவனங்களின் முதலீடு எங்கே இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். தட்டு கழுவுவதைவிட இது கடினம், பலனும் பெரிது என்பது என் எண்ணம்.

பழமைவாத யூதர்கள் இதில் சேர்வதில்லை என்கிறார்களே?

அப்படிப் பொதுவாகச் சொல்வது தவறு. ஆனால் உரசல் உண்டு. இஸ்ரேலில் 2021 நவம்பர் 1 அன்று ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பைகளுக்குக் கிலோவுக்கு 11 ஷெக்கல் வரி வந்தது. விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. பிள்ளைகள் நிறைந்த ஹரேதி (மிகக் கறாரான பழமைவாத யூதர்) குடும்பங்கள், ஓய்வுநாளில் மூன்று வேளை விருந்து, பாத்திரம் தேய்க்க நேரமில்லாத வீடு: இந்த வரி எங்களைக் குறிவைத்தது என்று அவர்கள் கொதித்தார்கள். அது தேர்தல் பிரச்சினையானது. புதிய அரசு வந்ததும் 2023 தொடக்கத்தில் வரி ரத்தானது.

வரியால் பிளாஸ்டிக் குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசாமல், பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்க உதவாமல், அவர்களுடைய ரபிகளின் வாயிலிருந்து பல் தஷ்கீத் வராமல் மேலிருந்து வந்த சட்டம் அது. ஏழைக் குடும்பத்தின் வீட்டு வேலையைக் கூட்டிவிட்டு 'இயற்கையைக் காப்போம்' என்றால் எந்த ஊரிலும் எடுபடாது.

இஸ்ரேலில் சதுப்பு நிலத்துக்காகத் தொடங்கிய கதை என்ன?

வடக்கே ஹூலா பள்ளத்தாக்கில் ஓர் ஏரியும் சதுப்பும் இருந்தன. மலேரியாவை ஒழிக்கவும் விளைநிலம் பெறவும் 1951 முதல் 1958 வரை அதை வடித்துக் காயவைத்தார்கள். புதிய நாட்டின் பெருமைக்குரிய சாதனையாக அது கொண்டாடப்பட்டது. அதை எதிர்த்துக் குரல் கொடுத்த ஆசிரியர்களும் விலங்கியலாளர்களும், அஸாரியா அலோன், அமோட்ஸ் ஸஹாவி போன்றவர்கள், 1953-இல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வடிப்பதை நிறுத்த முடியவில்லை; ஒரு சிறு துண்டு நிலம்தான் காப்பகமாகத் தப்பியது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். காய்ந்த கரி மண் சிதைந்து, நிலம் தாழ்ந்தது. மண்ணுக்கடியில் தீ பிடித்தது. நைட்ரேட் கரைந்து கலிலேயா ஏரிக்குப் போனது. விளைநிலமாக்கியதில் ஒரு பகுதி பயிருக்கே உதவாமல் போனது. 1994-இல் ஒரு பகுதியில் மறுபடி தண்ணீர் விட்டார்கள். இப்போது குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கொக்குகள் அங்கே இறங்குகின்றன. அழிந்துபோனதாக அறிவிக்கப்பட்ட ஹூலா தவளை ஒன்று 2011-இல் உயிரோடு கிடைத்தது.

இதே சங்கம் 1960-களில் நடத்திய காட்டுப்பூ இயக்கத்தை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். வசந்தத்தில் குடும்பத்தோடு போய் அனிமோனி, சைக்ளமென் பூக்களைக் கைநிறையப் பறித்துவருவது அங்கே வழக்கம். பள்ளிகளிலும் சுவரொட்டிகளிலும் 'பறிக்காதே' என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். பிள்ளைகள் பெற்றோரைத் தடுத்தார்கள். சில ஆண்டுகளில் பழக்கமே மாறியது.

மரம் நடுவது நல்லதுதானே, அதில் ஏன் சர்ச்சை?

1901-இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் நடந்த சியோனிச (யூதருக்குத் தனி நாடு கோரிய இயக்கம்) மாநாட்டில் தொடங்கிய யூத தேசிய நிதி, தன் கணக்கில் 24 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை நட்டிருக்கிறது. உலகெங்கும் யூத வீடுகளில் அதன் நீல உண்டியல் இருந்தது. பிறந்தநாளுக்கு ஒரு மரம், இறந்தவர் நினைவுக்கு ஒரு மரம் என்று பிள்ளைகள் காசு போட்டார்கள். அந்த அன்பு பொய்யில்லை.

ஆனால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. ஒன்று, சூழலியல். ஆரம்பக் காலத்தில் ஒரே வகைப் பைன் மரங்களை வரிசையாக நட்டார்கள். அவை எளிதில் தீப்பிடிப்பவை. 2010 டிசம்பரில் கார்மெல் மலைத் தீயில் 44 பேர் இறந்தார்கள். தெற்கே வறண்ட நெகேவ் பகுதியின் புல்வெளிகளில் காடு வளர்ப்பதை இயற்கைப் பாதுகாப்புச் சங்கமே எதிர்க்கிறது. அங்கே வாழும் உயிரினங்களுக்குத் திறந்த வெளிதான் வீடு.

இரண்டாவது, நிலம் யாருடையது. கனடா பூங்கா என்ற பெயரில் குடும்பங்கள் உலாப் போகும் காடு, 1967-இல் இடிக்கப்பட்ட இம்வாஸ், யாலோ என்ற பாலஸ்தீனக் கிராமங்களின் மீது நிற்கிறது. 2022 ஜனவரியில், தூ பிஷ்வாத் நெருங்கும் நேரத்தில், நெகேவில் பெதூயின் என்ற அரபுப் பழங்குடி மக்கள் பயிரிடும் நிலத்தில் யூத தேசிய நிதி மரம் நட வந்தபோது பெரும் போராட்டம் வெடித்தது. எதிரியின் மரத்தைக்கூட வெட்டாதே என்ற சட்டம், மரத்தை வைத்தே ஒருவரை நிலத்தைவிட்டு நகர்த்தும்போது என்ன சொல்லும்? இந்தக் கேள்வியை யூத செயல்பாட்டாளர்களே கேட்கிறார்கள். கேட்காமல் விட்டால் மற்ற நல்ல வேலைகள் எல்லாம் குறைபட்டுவிடும் என்பது என் உறுதியான கருத்து.

பாலஸ்தீனர்களோடு சேர்ந்து வேலை செய்பவர்கள் உண்டா?

உண்டு. 1994-இல் தொடங்கிய எக்கோபீஸ் அமைப்பை இஸ்ரேலியர், பாலஸ்தீனர், ஜோர்டானியர் மூவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். கீழ் யோர்தான் ஆறு தன் இயல்பான நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இழந்துவிட்டது. அதைக் கவனிக்கவைக்க மூன்று பக்க மேயர்களும் ஒன்றாக ஆற்றில் குதித்தார்கள். பெத்லகேம் அருகே பத்தீர் என்ற பாலஸ்தீனக் கிராமம் பழங்கால வாய்க்கால் பாசனத்தோடு கூடிய படிக்கட்டு வயல்களைக் காத்துவருகிறது. இஸ்ரேலின் பிரிவுச் சுவர் அதன் ஊடே போகக் கூடாது என்று கிராமத்தாரோடு சேர்ந்து இந்த அமைப்பும் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் போனது. 2014-இல் யுனெஸ்கோ அந்த வயல்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவர்த் திட்டம் அங்கே நின்றது.

தெற்கே கெத்தூரா கிபுட்ஸில் (கூட்டுறவுக் குடியிருப்பு) 1996-இல் தொடங்கிய அரவா சுற்றுச்சூழல் கல்வி நிலையத்தில் யூத, பாலஸ்தீன, ஜோர்டானிய மாணவர்கள் ஒரே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். 2005 தூ பிஷ்வாத் அன்று அங்கே எலைன் சோலவே மசாதாக் கோட்டை அகழாய்வில் கிடைத்த சுமார் 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டையை நட்டார். சில வாரங்களில் முளைத்தது. அது ஆண் மரம். பின்னர் வேறு பழைய கொட்டையிலிருந்து வந்த பெண் மரத்துக்கு அதன் மகரந்தத்தைச் சேர்த்து, 2020-இல் பழம் பறித்தார்கள்.

இந்திய யூதர்களுக்கு இதில் தொடர்பு உண்டா?

'சுற்றுச்சூழல் இயக்கம்' என்ற பெயரில் பெரிதாக இல்லை. ஆனால் கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் சமூகம் தூ பிஷ்வாத்தைத் தனக்கே உரிய முறையில் கொண்டாடுகிறது. எலியா தீர்க்கதரிசி வந்து சென்றதாக அவர்கள் நம்பும், அலிபாக் அருகிலுள்ள கண்டாலா பாறைக்குப் போய், அவல், தேங்காய், சர்க்கரை, பழம் சேர்த்த மலிதா படைத்து வேண்டிக்கொள்கிறார்கள். எண்ணெய் ஆட்டும் தொழில் செய்த இவர்களைச் சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் 'சனிவார் தேலி' என்றே ஊர் அழைத்தது.

யூதரல்லாதவர் பங்கெடுக்கலாமா?

பெரும்பாலான வேலைகளில் தாராளமாக. 2021 பிப்ரவரியில் இஸ்ரேலின் மத்தியதரைக் கடற்கரை நெடுகத் தார் ஒதுங்கியபோது ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இறங்கிச் சுத்தம் செய்தார்கள். யூதப் பண்ணைகளின் கல்வி நிகழ்ச்சிகள் பலவும் எல்லோருக்கும் திறந்தவை. அரவா நிலையம் மற்ற நாட்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. தூ பிஷ்வாத் விருந்துக்கு அண்டை வீட்டாரை அழைக்கும் சபைகளும் உண்டு. அழைப்பு வந்தால் ஏதாவது பழத்தோடு போங்கள்.